கிரேனின் தோள்பட்டைக் கட்டி

வீடு மாற்றித் தரும் ஆட்களுக்குள் அவருக்குப் பெயர் கிரேன். ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை, இரும்பு பீரோ என்றால் "கூப்பிடுடா கிரேனை!" என்பார்கள். தோளில் சுமை தூக்கும் வாரை மாட்டிக்கொண்டு அவர் கீழ்ப்படியில் நின்றால் போதும், பீரோ தானாக ஏறுகிற மாதிரி இருக்கும்.

அந்தத் தோளில், சரியாக வார் உட்காரும் இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி. ஆபத்தில்லாத கட்டிதான், எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. எடுத்தே ஆக வேண்டும். வர வர வாரே மாட்ட முடியவில்லை, வார் இல்லாமல் கிரேனுக்கு ஏது பிழைப்பு? "இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு!" என்று மார்தட்டினார். இன்சூரன்ஸ்காரர்களோ கையை விரித்துவிட்டார்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பணம் கிடையாதாம்.

"அழகுக்கா?" மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். "இந்த மூஞ்சிக்கு அழகு பார்க்கணும்னா தோள்லயா ஆரம்பிப்பாங்க?" சிரித்து முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

"நான் என்னம்மா பண்றது? வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னார். வேலைக்கு இடைஞ்சலான்னேன். இதெல்லாம் ஒரு இடைஞ்சலான்னு என்னையே கேட்டார். அதைத்தானே எழுத முடியும்? வலி இருந்தா இன்சூரன்ஸ் கிடைக்குமே!"

இப்படியும் ஒரு மனுஷனா என்று திட்டத்தான் தோன்றும். ஆனால் சுமை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பாதிப் படியில் மேலே இருப்பவன் "வலிக்குதா?" என்று கேட்டால், கீழே இருப்பவன் "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொன்னால் மேலே இருப்பவனுக்குக் கை நடுங்கும், பிடி நழுவும், பீரோ இவன் தலையில் வந்து இறங்கும். அப்படிச் சொல்லிச் சொல்லியே கிரேனின் வாய்க்கு வேறு பதில் மறந்துபோயிருந்தது.

டாக்டரம்மா கட்டியை அழுத்தினார். "இப்பச் சொல்லுங்க, வலிக்குதா?"

"இல்..."

மனைவி முறைத்தாள். கிரேன் மீதியை விழுங்கினார். "வலிக்குது டாக்டர். வார் பட்டாலே உயிர் போகுது. மூணு வருஷமா."

மனைவியின் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. வெளியே வந்ததும், "என்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"வீட்டுல மேல்படியில நிக்கிறது நீதானே?" என்றார் அவர்.

டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். இன்சூரன்ஸ்காரர்களும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். கட்டி போயிற்று.

வீட்டில் காயத்துக்கு மருந்து போடும்போது மனைவி கேட்டாள்: "வலிக்குதா?"

வழக்கம்போல வாயைத் திறந்தவர் சற்று நிறுத்தினார். "வலிக்குது."

"தாராளமாச் சொல்லுங்க" என்றாள் அவள். "என் பிடி ஒண்ணும் நழுவாது."