நாற்பத்தொரு முறை ‘முள் சரி’

பென்சில் முனையை நாக்கில் தொட்டு, மணிக்கூட்டைப் பார்த்து, கொப்பியில் எழுதுகிறார் லோரன்ஸ் பாஸ்: ‘காலை 8.20. முத்துமாரியம்மன் கோயிலடி. வானம் மப்பு. பெற்றோல் ஒன்றரைக் கலன். முள் சரி.’ எழுதி முடித்ததும் மறுபடி பெற்றோல் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அடுப்பில் பால் வைத்தவரைப் போல. கார் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாத்தளையில் கார் வேலை தெரிந்த ‘பாஸ்’மார் பதினொரு பேர். காரின் நோவு தன் கண்முன் வராமல் ஸ்பானரைத் தொடாதவர் இவர் ஒருவர்தான். “காதால கேட்டது கோயிலுக்கு, கண்ணால பாத்தது கராஜுக்கு” என்பார். உயரம் ஆறடி மூன்றங்குலம். சந்தையில் ‘கமுகு பாஸ்’ என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். ஞாயிறு பூசைக்கு மட்டும் முழுக் காற்சட்டை. மற்ற ஆறு நாளும் காக்கி அரைக் காற்சட்டை. காரில் ஏறும்போது முதலில் தலை போகும், பிறகு தோள், கடைசியாகக் கால்கள் ஒவ்வொன்றாக மடிந்து உள்ளே போய் டேஷ்போர்டுக்கு அடியில் அடைபடும்.

அவருடைய கொப்பிகள் எல்லாவற்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. முன்பக்கத்திலிருந்து எழுதுவது ‘கண்டது’. பின்பக்கத்திலிருந்து எழுதுவது ‘கேள்வி’, அதாவது மற்றவர்கள் வந்து சொன்னது. பின்பக்கத்தை நம்பி அவர் இதுவரை ஓர் ஆணியைக்கூடக் கழற்றியதில்லை.

1965 ஜூன் 14, திங்கட்கிழமை, வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் ஸக்கரியா தமது பழைய கறுப்புக் காரைக் கொண்டுவந்தார். பெற்றோல் மீட்டரின் முள் சில வேளை நிற்கிறது, சில வேளை வெறுந்தொட்டி என்று விழுந்துவிடுகிறது. காரை வாங்க எல்கடுவத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் நடராஜா சனிக்கிழமை வருவதாக இருந்தார். அந்தப் பணத்தை நம்பி யட்டவத்தயில் ஒரு சின்ன லொறியைப் பேசி வைத்திருந்தார் ஸக்கரியா. சனிக்கிழமை தவறினால் லொறி வேறொருவருக்கு. கிளாக்கரோ ஒரே சொல்லாகச் சொல்லியிருந்தார்: “முள்ளு ஒரு தரம் விழுந்தாலும் காரு வேணாம்.”

முள் விழுவதைப் பார்க்க லோரன்ஸ் காரில் ஏறினார். விழவில்லை. இறங்கி இருபது யார் தூரம் நடந்திருப்பார்; ஹோர்ன் கேட்டது.

“பாஸ்! முள்ளு மௌத்தாப் போச்சு! ஓடி வாங்க!”

ஓடிவந்து, மடிந்து ஏறினார். முள் ஒன்றரைக் கலனில் நிமிர்ந்து நின்றது.

“நீங்க ஏறினா உசிரு வருது, எறங்கினா மௌத்தாகுது. ஒங்களுக்குப் பயப்படுது பாஸ்.”

“நான் எறங்கினதுக்கப்புறம் நடக்கிறதுக்கு நான் சாட்சி இல்ல, ஸக்கரியா நானா.”

“அப்ப வெளிய நிண்டு ஜன்னலால பாருங்களேன்!”

“நிக்கிற காரப் பாத்து என்ன தெரியும்? ஓடணும்.”

ஆகவே அந்த வாரம் முழுவதும் ஸக்கரியாவின் ஹயர் எல்லாவற்றிலும் லோரன்ஸ் முன் இருக்கையில் போனார். ஒரு கல்யாணத்துக்கும் ஒரு சாவு வீட்டுக்கும் போனார். கல்யாண வீட்டில் அவரை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று எண்ணிச் சந்தனம் பூசினார்கள், அதையும் எழுதிக்கொண்டார். ஸக்கரியாவின் மனைவி ஸுபைதா, ஓதி ஊதிய நூலை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு, தங்கைக்கு ஒரு கோழியைக் கொடுத்தனுப்பினார். அன்றைய வரி: ‘பின் இருக்கை: மிளகு மூட்டை இரண்டு, கோழி ஒன்று, ஓட்டுபவர் ஸக்கரியா. முள் சரி.’

சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்குக் கிளாக்கர் குடையோடு வந்து பின் இருக்கையில் அமர்ந்தார். லோரன்ஸ் வழக்கம்போல முன்னால். கார் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றியது. முள் அசையவில்லை. ஸக்கரியா உதடு பிரியாமல் ஓதிக்கொண்டே ஓட்டினார். நாற்பத்தோராவது வரி எழுதப்பட்டது.

“முள்ளு நல்லாத்தானே நிக்குது,” என்றார் கிளாக்கர். “அது என்ன கொப்பி?”

லோரன்ஸ் பெருமையோடு நீட்டினார். முப்பது வருஷம் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர் பெயர் பதியும் செக்ரோல் எழுதிய விரல், ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

“ஏன் பாஸ், கோழிக்குக் கூடப் பேர் விழுந்திருக்கு. ஒங்களுக்கு எங்க?”

“நான் பாக்க வந்தவன் ஐயா.”

“தோட்டத்துல கங்காணியும் பாக்கத்தான் வாறான். அவனுக்கும் பேர் போடணும். எறங்குங்க பாஸ். ஸக்கரியா, நீங்க காரு ஓட்டத்த நிப்பாட்டாதீங்க, மெதுவா விடுங்க.”

கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. லோரன்ஸ் இறங்கி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். முள் விழுந்தது.

“விழுந்திருச்சு!” லோரன்ஸ் துள்ளினார். “நானா, விழுந்திருச்சு! கண்ணால பாத்துட்டேன்!”

“அல்லாவே! என் லொறி!” என்று ஸக்கரியா நெஞ்சில் கை வைத்தார்.

லோரன்ஸ் மடிந்து ஏறினார், முள் எழுந்தது. முழங்கால்களைக் கட்டிப்பிடித்து மார்போடு சேர்த்தார், விழுந்தது. வலது காலை மட்டும் இறக்கினார், எழுந்தது. பிறகு குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்தார். ஆறு மூலையுள்ள ஒரு சின்னத் தடம், நட் வடிவத்தில், கன்றிப்போயிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், மீட்டருக்குப் பின்னால் வயரைப் பிடிக்கும் நட் தளர்ந்திருந்தது. ஆறு நாளாக அதை அழுத்திப் பிடித்திருந்தது அவருடைய முழங்கால்.

“காரு வேணும்னா பாஸையும் சேத்துத்தான் எடுக்கணும் போல,” என்றார் கிளாக்கர். ஸக்கரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “சரி, இறுக்குங்க. பாஸ் இங்கயே நிக்கட்டும். எல்கடுவ வரைக்கும் போய்த் திரும்புவோம். விழாட்டி காரு என்னுது.”

இறுக்க நாலு நிமிஷம் ஆனது. கார் 4.35க்குப் போனது. லோரன்ஸ் கராஜ் வாசலில் டயர் ஒன்றின்மேல் அமர்ந்து, முதல் வரியிலிருந்து தொடங்கி, நாற்பத்தொரு வரியிலும் தன் பெயரைச் சேர்த்தார். கோழி போன வரியில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினார்.

6.05க்குக் கார் திரும்பியது. கிளாக்கர் குடையை ஜன்னலுக்கு வெளியே உயர்த்தி ஆட்டினார்.

“விழல்ல பாஸ்!” ஸக்கரியா ஜன்னலால் தலை நீட்டிக் கத்தினார். “வளைவெல்லாம் ஏறி எறங்கியும் விழல்ல! காரு போச்சு, லொறி வந்திரிச்சு!”

லோரன்ஸ் நாற்பத்திரண்டாவது வரிக்கு மேல் பென்சிலைக் கொண்டுபோனார். நிறுத்தினார். இந்த ஓட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை. கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினார், ஸக்கரியாவைப் பார்த்தார், மறுபடி முன்பக்கத்து ‘கண்டது’க்கே திருப்பினார்.

பிறகு பென்சில் முனையை நாக்கில் தொட்டு, கொப்பியோடு சேர்த்து ஜன்னல் வழியாக ஸக்கரியாவிடம் நீட்டினார்.