செல்லத்துரை அண்ணை பிளேனில் ஏறவில்லை

படப்பிடிப்பு வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கிள், உங்களுக்கு எப்பிடி இந்த வேலை கிடைச்சது?" என்பதுதான். கெட்டித்தனத்தால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சிகள் இன்னும் எங்கள் மோர்னிங்சைட் பகுதியில் உயிரோடு இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விமானம் ஒன்று விழுந்து நொறுங்கிவிடுகிறது. அது ஏன் விழுந்தது என்று விசாரணை அதிகாரிகள் கிழமைக்குக் கிழமை துருவுகிறார்கள். நான் கூட்டத்தில் நடிக்க வரும் எக்ஸ்ட்ராக்களைக் கூட்டி வந்து, இருத்தி, எழுப்பி, சாப்பாட்டு மேசையைக் காட்டும் உதவியாளன். அதுவும் தற்காலிகம். வெள்ளிக்கிழமைக் காட்சி ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும்.

காட்சி இதுதான்: விமான நிலைய மண்டபத்தில் உறவினர்கள் காத்திருக்கிறார்கள். ஓர் அதிகாரி வந்து இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கிறார். அவர்கள் அழவேண்டும். எங்கள் மாடிக் கட்டடத்திலிருந்தே ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிச் சென்றேன்.

1. பட்டுச்சேலை

அழ வந்தவர்கள் கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல வந்து பஸ்ஸில் ஏறினார்கள். பட்டு, அட்டியல், கொண்டையில் பிளாஸ்ரிக் மல்லிகை.

"ரிவியில வாறம், சும்மா வரேலுமே தம்பி?" என்றார் முன்வீட்டுப் புஷ்பம் அன்ரி.

நகைகளைக் கழற்றச் சொன்னேன். "கழற்றி ஆரிட்டக் குடுக்கிறது? உன்னட்டயோ?" என்று அன்ரி கேட்க, பஸ்ஸே சிரித்தது. கடைசியில் எல்லோருக்கும் குளிர்கோட்டு மாட்டிக் கழுத்துவரை பூட்டினோம்.

2. பிரசன்ட்

கமரா ஓடத் தொடங்கியது. அதிகாரியாக நடித்தவர் நல்ல நடிகர். குரல் தழுதழுக்க வாசித்தார்.

"மிஸ்டர்... செல்லா... டூரை."

பின்வரிசையில் இருந்த செல்லத்துரை அண்ணை துள்ளி எழும்பிக் கையை உயர்த்தினார். "யெஸ் சேர்! பிரசன்ட்!"

"கட்!" என்று கத்தினார் டைரக்டர்.

நடந்தது என்னவென்றால், செத்தவர்களுக்கு வைக்கத் தமிழ்ப் பெயர் கிடைக்காமல், அலுவலகத்தில் யாரோ அன்று காலையில் வந்த எக்ஸ்ட்ராக்களின் பெயர்களையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சனத்துக்கோ குடிவரவு அலுவலகம், டொக்ரர், வெல்ஃபெயர் என்று மண்டபம் மண்டபமாகக் காத்திருந்து பழக்கம். பெயரை எப்படிக் கடித்துக் குதறிக் கூப்பிட்டாலும் சட்டென்று எழும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முறை போய்விடும்.

ஓடிப்போய், "அண்ணை, எழும்பக்கூடாது. நீங்கள் செத்திட்டியள்," என்றேன்.

"ஆர் சொன்னது?"

"லிஸ்ற்றில கிடக்கு அண்ணை."

"அப்ப இஞ்ச இருக்கிறது ஆரடா?"

அடுத்த தடவை அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனால் இரண்டாவது பெயர் புஷ்பம் அன்ரியுடையது. "ஓம், வாறன்!" என்று கைப்பையையும் எடுத்துக்கொண்டு அன்ரி முன்னுக்கு நடந்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அழவேண்டியவர்களுக்குக் கண்ணீர் வந்ததுதான், ஆனால் சிரித்துச் சிரித்து. டைரக்டர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

"யார் இவர்களைக் கொண்டுவந்தது?"

நான் மெல்ல நழுவிப் பின்வரிசையில், அண்ணையின் கதிரைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

அப்போது கதை எழுதும் பெண்மணி எழுந்து வந்தார். அடுத்த கிழமைக்குக் கதை நகராமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். செல்லத்துரை அண்ணையைப் பார்த்து, "உங்கள் பெயர் லிஸ்ற்றில் இருக்கிறது, ஆனால் நீங்கள் விமானத்தில் ஏறவில்லை. அப்படியென்றால் உங்கள் சீட்டில் இருந்தது யார்?" என்று கேட்டார்.

அண்ணை திகைத்துச் சனத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்ர பேரில ஆரோ வந்திருக்கிறான்!"

"உதென்ன பெரிய புதினமே?" என்றார் புஷ்பம் அன்ரி. "இந்த ஹோலில சொந்தப் பேரில பிளேன் ஏறினவை ஆர்? கை தூக்குங்கோ பாப்பம்."

ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில், யார் யாருடைய பெயரிலோ வந்து இறங்கிய சனம். ஒரு கைகூட உயரவில்லை. அதற்கு எழும்பிய சிரிப்பில் கூரை பறந்திருக்கும்.

மொழி விளங்காவிட்டாலும் அந்தப் பெண்மணிக்குக் கதை கிடைத்துவிட்டது. அவர் கட்டிய கதையில், அண்ணையின் பெயரில் பறந்தவன் ஒரு மெக்கானிக். அந்தக் கம்பனி விமானங்களின் வாலில் வெடிப்பு விழுந்திருப்பதை அறிந்து, அதைக் கனடாவில் சொல்லத்தான் அவன் ஒளித்து வந்தான். விசாரணை இனி அந்த வழியில் போகும். கேட்டுக்கொண்டிருந்த டைரக்டர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார்.

"யோகா! யோகா எங்கே?"

யோகலிங்கமாகிய நான் இன்னும் கீழே பதுங்கினேன். அண்ணை என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"டேய், உன்னைத்தான் கூப்பிடுறான். எழும்படா!"

"வேண்டாம் அண்ணை. வேலையால நிப்பாட்டப் போறான்."

"செத்தவன் நானே எழும்பினனான். உனக்கென்ன கேடு?"

எழும்பிப் போனேன். திங்கட்கிழமையும் இதே ஆட்கள் வேண்டும், அவர்களைக் கட்டி மேய்க்க நிரந்தரமாக நீயும் வேண்டும் என்றார் டைரக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அந்த மண்டபத்தில் ஒழுங்காக அழுதது நான் ஒருவன்தான்.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்த தொழில் இரகசியம் இவ்வளவுதான். பெயர் கூப்பிட்டால் எழும்புங்கள். எதற்கென்று எழும்பின பிறகு கேட்கலாம்.