எமிலியானுஸ் அண்ணையின் பிட்டோறெஸ்க்

பஸ் கண்ணாடியில் உறைந்த பனியை எமிலியானுஸ் அண்ணை பெருவிரல் நகத்தால் சுரண்டுகிறார். குற்றிக்காசு அளவில் துவாரம் விழுந்ததும் ஒற்றைக் கண்ணை அதில் வைத்து வெளியே பார்க்கிறார். "பிட்டோறெஸ்க்" என்கிறார். நானும் எட்டிப் பார்த்தேன். யாரோ எறிந்துவிட்டுப் போன சோபா ஒன்று பனிக் குவியலில் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. மொன்றியல் விமான நிலையம் இருக்கும் டோர்வலுக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், காலை ஏழரை மணிக்கு, இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் உட்காருவது லேசான காரியமில்லை.

அண்ணை மன்னார்க்காரர். வயது நாற்பத்திரண்டு, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி. விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கூடத்தில் நாங்கள் இருவரும் தட்டுக் கழுவுகிறோம். சவர்க்கார நுரை முழங்கை வரை ஏறினால் அதற்கும் அவருக்கு அந்தச் சொல்தான்.

அகதியாய் ஜெர்மனியில் இறங்கிய இரண்டாம் நாள், மனைவி பிலோமினம்மாவுக்கு அனுப்ப ஒரு படத் தபாலட்டை வாங்கினார். படத்தின் கீழே இந்தச் சொல் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தவருக்குப் பிட்டும் தெரிந்தது, ரஸ்க்கும் தெரிந்தது. அந்த ஊர்ப் பலகாரம் என்று முடிவுகட்டி, பேக்கரிக்குப் போய் அட்டையைக் காட்டி அதில் இரண்டு கேட்டிருக்கிறார். கடைக்காரி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அவரை வீதிக்கு இழுத்து வந்து ஆற்றையும் பாலத்தையும் சிவப்புக் கூரைகளையும் காட்டினாளாம். படத்தில் போடக்கூடிய அழகுக்கு அப்படிப் பெயர் என்று அப்போதுதான் விளங்கியது. கூடத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் பிட்டு ரஸ்க்தான்.

பிறகு டென்மார்க், அதன் பிறகு ஒல்லாந்து. எங்கேயும் தங்கவிடவில்லை. ஆனால் தபாலட்டை வாங்கிய இடமெல்லாம் அதே சொல் நின்றது. "நாடு மாறிச்சுது, காசு மாறிச்சுது, தின்னுற பாண் கூட மாறிச்சுது தம்பி. இது மட்டும் மாறேல்லை" என்பார். மொன்றியல் வந்து பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தபோது, இது எங்கள் சொல், அவர்கள் எல்லோரும் எங்களிடம் இரவல் வாங்கியது என்று ஆசிரியை சொன்னாராம். சொல்லை உடையவர்களிடமே கொண்டுவந்து சேர்த்துவிட்டதில் அண்ணைக்கு அப்படி ஒரு பெருமை.

போன மாதம் பிலோமினம்மா அக்காவின் கடிதம் வந்தது. அவரை இங்கே கூப்பிடும் பத்திரங்கள் எல்லாம் சரி, அக்கா கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா போடவில்லை. நாலு வருடமாக எல்லா ஊரையும் ஒரே சொல்லால் புகழ்கிற ஆளை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார். "கடையில விக்கிற படம் இனி வேண்டாம். நீங்கள் படுத்தெழும்புற இடத்தை எடுத்து அனுப்புங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன், வாறனோ இல்லையோ எண்டு." அண்ணை இதை எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது.

என்னிடம் ஒரு கமரா உண்டு. நல்லதாய் ஒரு வீட்டு வாசலில் அவரை நிறுத்தி எடுத்துவிடலாம், மன்னாரில் இருப்பவருக்கு என்ன தெரியப் போகிறது என்று யோசனை சொன்னேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"வந்து இறங்கினாப் பிறகு தெரியாதோ? உள்ளதை எடும்."

உள்ளது நோத்ர-டாம்-த-கிரேஸ் என்கிற பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறை. தலைக்கு மேலே சுடுதண்ணீர்க் குழாய். பாதிச் சன்னலில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. கமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இந்தப் படத்துக்கு ஒரு பெண் கடல் தாண்டி வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணை "கொஞ்சம் பொறும்" என்றுவிட்டு வெளியே போனார். மாடிப்படிக்குக் கீழிருந்து, பத்திரிகைத் தாளால் சுற்றிக் கட்டிய இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த வருடமே வாங்கிவிட்டாராம். இதுவரை ஒருவரையும் அதில் இருத்தியதில்லை. கயிற்றை அறுத்து, தாளை உரித்து, சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக அதைப் போட்டார். பிறகு தன் பழைய கதிரையில் அமர்ந்து, புதியதன் முதுகில் கையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து கமராவைப் பார்த்தார்.