கல்யாண வீட்டில் கட்டிய பாராசூட்

எல்கடுவ வளைவுகளில் பஸ் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் பழைய இராணுவ விமானிகளின் பாராசூட்டில் எது அசல், எது போலி என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கேட்பது என்னிடம்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீகிரியாப் பக்கம் விமானங்கள் இறங்கியதால், எங்கள் மாவட்டத்தில் அந்தப் பாராசூட்டுகள் இன்னும் சில வீடுகளில் கிடைக்கின்றன.

போன வருடம் உக்குவளையில் ஒரு முஸ்லிம் வீட்டுக்குப் போனேன். ஒரு சேகரிப்பாளர் அங்கிருந்த பாராசூட்டைக் கேட்டிருந்தார். “அசலெண்டா எடுக்கட்டும்” என்று வீட்டுக்கார நானா அசட்டையாகச் சொன்னார். கல்யாணம் என்றால் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவார்கள் அல்லவா, அந்தக் குடும்பத்தில் தலைமுறையாகக் கட்டியது இதைத்தான்.

முதலில் உடம்பில் மாட்டும் வார்களைப் பார்த்தேன். விமானத்திலிருந்து சாமான் மூட்டை இறக்கிய பருத்திப் பாராசூட்டைத்தான் விமானியுடையது என்று ஏமாற்றி விற்பார்கள்; ஆனால் மூட்டைக்குத் தொடை கிடையாது. இதில் தொடை வார்களும், எல்லா வார்களும் வந்து சேரும் வட்டமான இரும்புப் பூட்டும் இருந்தன. சந்தோஷமாகத் துணியை விரித்தேன். நடுவில் ஓட்டையைக் காணோம். விமானியின் குடைக்கு உச்சியில் காற்றுப் போக ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ஊஞ்சலாடிக்கொண்டேதான் இறங்குவான். உற்றுப் பார்த்தபோதுதான் அந்த இடத்தில் நேர்த்தியாக ஒட்டுப் போட்டுத் தைத்திருப்பது தெரிந்தது.

“மாப்புளட தலைக்கு மேல ஓட்டயோட வெள்ள கட்ட ஏலுமா?” என்றார் நானாவின் மனைவி.

நானா தொழப் போனதும் அந்த ராத்தா வட்டிலப்பத்தை என் முன்னால் வைத்தார். நான் பாதி சாப்பிடும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அடுத்த மாசம் கடைசி மகளுக்குக் கல்யாணம். மூத்ததுகள் எல்லாம் இதுக்குக் கீழதான் இருந்திச்சு. பொய்ச் சாமான் எண்டு சொல்லிருங்களேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. நான் வட்டிலப்பத் தட்டைத் தள்ளிவைத்தேன். நான் ஒரு பொய் சொன்னால் அப்புறம் யார் என்னை நம்புவார்கள்? ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். முடி கருகும் வாடை வந்தது, அசல் பட்டு. ஓரத்தில் மங்கிய விமானப்படை முத்திரையும் இருந்தது.

நானா திரும்பி வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “அசல்தாங்க நானா. விமானியோடதுதான்” என்றேன். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நானா துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.

“சாமான் மூட்டத் துணிதானே எண்டு நெனச்சுத்தான் எடுக்கட்டும் எண்டேன். பொய்யெண்டா மரக்கறி மூடுறதுக்கு இண்டைக்கே கலேவெல லொறிக்காரனுக்குக் குடுத்திருப்பேன். அசலெண்டா எவனாவது விப்பானா?”

புறப்பட்டபோது ராத்தா வாசல்வரை வந்தார். “தம்பி, நான் சொன்னபடி நீங்க சொல்லியிருந்தா?”

“லொறியில போயிருக்கும், ராத்தா.”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.