கனகம் மிஸ் வாசித்துக் காட்டிய இரண்டு வரிகள்

கோயமுத்தூர் காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கனகம் மிஸ் இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பிழைப்புக்கு இங்கிலீஷ். கணவர் சீனிவாசலு மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் விற்கிறவர். மனைவியின் பேச்சில் குறுக்கே வரமாட்டார். வந்தால் இலக்கணம் திருத்தப்பட்டுத்தான் திரும்பிப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மிஸ்ஸுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கைடில் இருக்கிற வாக்கியம் அவர் வகுப்பில் செல்லாது. ராமு சந்தைக்குப் போனான் என்று எவராவது எழுதினால் தொலைந்தார்கள். “யாருங்க அந்த ராமு? உங்க சித்தப்பா பையனா?” என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்பார். அவரவர் வாழ்க்கையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும், பொய்யாக எழுதினால் பாஷை ஒட்டாது என்பது அவர் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

முன்னாடியே முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற ‘ஹேட்’ பாடம் வந்துவிட்டால் மிஸ்ஸைப் பிடிக்க முடியாது. ‘ஹேட் டிசைடட்’ என்றால் பின்னால் ‘டு கோ’ வரும். ‘ஹேட் அவாய்டட்’ என்றால் ‘டெல்லிங்’தான் வரும், ‘டு டெல்’ வரவே வராது. இந்த இடத்தில் பத்துக்கு ஒன்பது பேர் சறுக்குவார்கள்.

கனிஷ்கா சறுக்கவில்லை. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து வீட்டுப் பெண், வயது இருபத்து நாலு, கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்துக்கு வேலைக்குப் போக இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும் என்று நாலு மாதம் முன்னால் வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே, “வீட்டுல தெரியாதுங்க மிஸ். பிரமோசனுக்குப் படிக்கறேன்னு சொல்லியிருக்கேனுங்க. பரிச்சை எழுதி ரிசல்ட் வந்தபொறவு நானே அப்பாகிட்டச் சொல்லிக்கறேன்” என்றாள். கனகம் மிஸ்ஸும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவர் மறந்ததுதான் இவ்வளவுக்கும் காரணம்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. சாயங்கால வகுப்புக்கு முன்னால், நாலு மணிக்கு, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

“ஏனுங்க டீச்சர், நான் நஞ்சுண்டனுங்க. கனிஷ்காவோட அப்பன். அம்மணிக்குக் காங்கேயத்துல மாப்பிள்ளை பாத்திருக்குதுங்க. நிச்சயத்துக்குச் சேலை எடுக்க வந்தேன், அப்படியே உங்களையும் ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போலாம்னு.” பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார். “புள்ளை நல்லாப் படிக்குதுங்களா?”

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பெற்றோருக்கு மழுப்பலாகப் பதில் சொல்லிச் சலித்தவர் மிஸ். நல்ல பதில் சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. “நல்லாவா! உட்காருங்க, காட்டறேன்” என்று திருத்துவதற்காக அடுக்கியிருந்த நோட்டுகளில் கனிஷ்காவினுடையதை உருவினார். “என் வகுப்புல பொய் வாக்கியமே கிடையாதுங்க. எல்லாம் அவங்கவங்க சொந்தமா எழுதறது. இதைப் பாருங்க, ஒரு தப்புக்கூட இல்லை.”

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்களே.”

“நான் சொல்றேன்” என்றார் மிஸ். இங்கிலீஷில் ஒருமுறை ராகம் போட்டு வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். “மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்பே நான் அயர்லாந்துக்குப் போக முடிவு செய்திருந்தேன். அதை அப்பாவிடம் சொல்வதை நான் தவிர்த்து வந்திருந்தேன்.”

இரண்டாவது வரியில் ‘அப்பா’ என்று தன் வாயால் சொன்னபோதுதான் மிஸ்ஸுக்கு உறைத்தது. அதுவரைக்கும் அவர் கண்ணில் பட்டதெல்லாம் ‘டு கோ’வும் ‘டெல்லிங்’கும்தான். படித்த மனுஷி இப்படியும் இருப்பாளா என்று கேட்கலாம். இருந்தாரே.

நஞ்சுண்டன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க டீச்சர், இது நெசமுங்களா? இல்லீன்னா படிப்புக்காகச் சும்மா எழுதறதுங்களா?”

சும்மாதானுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அடித்த தம்பட்டம் வாயை அடைத்துவிட்டது.

“சரிங்க. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் பெரியவர் இறங்கிப் போனார். ஒரு கடுஞ்சொல் இல்லை. முருங்கைக்காய்ப் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கனிஷ்கா வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மருத்துவமனையில் விசாரித்தால், அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார் என்றார்கள். உடனே வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மிஸ் தள்ளிப்போட்டார். பயம்தான், வேறென்ன? சீனிவாசலு இரண்டு முறை, “நானும் வரேன், போலாம் வா” என்றார். மிஸ் அவர் மேல் எரிந்து விழுந்தார். பரீட்சையன்று சனிக்கிழமை காலையில் தேர்வு மையத்து வாசலில் போய் நின்றார். கதவைச் சாத்தும்வரை நின்றார். கனிஷ்கா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளகோவில் போனார்.

தோட்டத்து வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. கனிஷ்காவின் அம்மா சென்னியம்மாள், “வாங்க டீச்சர், வெயில்ல வந்திருக்கீங்க” என்று இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் மிஸ் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். திட்டியிருந்தால்கூட இறங்கியிருக்கும்.

கை கழுவிவிட்டு வந்து, பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை மிஸ் ஒப்பித்தார். “அந்த வாக்கியம் நான் போர்டுல எழுதிப்போட்டதுங்க. புள்ளை பாத்து எழுதினது. அதுல நெசமே இல்லீங்க.” இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பொய் வாக்கியம் அது.

நஞ்சுண்டன் அவரை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். “அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பனுங்க டீச்சர். நம்போணும்னுதானுங்க கேட்டேன். ஊட்டுக்குக் கூட்டியாந்து அம்மணியக் கேட்டேன், அது அழுதுபோட்டுது. தெரிஞ்சபொறவு எப்படீங்க தெரியாத மாதிரி இருக்கறது?”

வழியனுப்ப கேட் வரை கனிஷ்கா வந்தாள். இளைத்திருந்தாள். “அடுத்த மாசமும் பரிச்சை இருக்குது கண்ணு” என்றார் மிஸ்.

“வர்ற வெள்ளிக்கெழமை நிச்சயமுங்க மிஸ்” என்றாள். “நான் கைடைப் பாத்துக்கூட எழுதியிருப்பேனுங்க. நீங்க மட்டுந்தான் படிப்பீங்கன்னு நெனச்சு எழுதிப்போட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. மிஸ் அவள் கையைப் பிடிக்கப் போனார், பிடிக்கத் தைரியம் வரவில்லை. பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பில் அதே பாடம் பாக்கி இருந்தது. புதிதாகச் சேர்ந்த நஸ்ரியா எழுந்து, “சொந்தக் கதைதான் எழுதணுமாமே, மிஸ்?” என்று கேட்டாள். பழைய மாணவர்கள் மிஸ்ஸின் கேலிக்காகக் காத்திருந்தார்கள்.

“வேண்டாம்” என்றார் கனகம் மிஸ். “ராமுவை வெச்சே எழுதுங்க.”