நிதானம் ஏறாத பஸ்

விமானச் சக்கரம் தரையைத் தொடும் முன்பே அவருடைய வலது கால் அழுத்தத் தொடங்கிவிட்டது. எந்த வண்டியில் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். மச்சினன் காரின் பின்சீட்டில், ஆஸ்பத்திரி லிஃப்டில், ஒருமுறை பல் வைத்தியரின் சாய்வு நாற்காலியில்கூட அவர் பிரேக் பிடித்திருக்கிறார். விமானம் ஓடி ஓய்ந்து நின்றதும் காலை எடுத்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "நல்லாத்தான் எறக்கினான். கடைசியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

டவுன் பஸ் ஓட்டுநர். இருபத்தேழு வருஷமாக ஒரே தடம். ஷெட்டில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாரைக் கேட்கிறீர்கள் என்பார்கள். நிதானம் என்றால் கை காட்டுவார்கள். படியில் தொங்கிக்கொண்டு "சீக்கிரம் எடுங்க" என்று கத்துகிறவர்களுக்கு அவர் தரும் ஒரே பதில், "நிதானமா போலாம்." குள்ளமான, கெட்டியான உடம்பு. சட்டைப் பையில் லைசென்ஸ், ஷெட் அடையாள அட்டை, ஒரு சீப்பு. சீப்புக்கு வேலை போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பழக்கம் போகவில்லை. விடுமுறை நாளில் தன் தடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவார். புதிதாக விழுந்த பள்ளங்களைப் பற்றி, மற்றவர்கள் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல வீட்டில் பேசுவார். "மருந்துக் கடைக்கு எதுத்தாப்புல ஒண்ணு வந்திருக்கு. இப்ப சின்னதுதான். ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் பாரு அது ஆட்டத்த."

மனைவி பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாயைக் கழுவிக் கவிழ்ப்பதிலிருந்து சண்டை போட்டு முடிப்பது வரை எல்லாவற்றிலும் வேகம். "இவரைக் கட்டிக்கிட்டு பாதி ஆயுசு ஸ்டாப்பிங்லயே நின்னுட்டேன்" என்று அவர் எதிரிலேயே சொல்லுவாள். அவரும் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார்.

இருவருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரே மகள் அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். பதிவு அலுவலகத்தில் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். விமானம் இறங்கிய அன்றே ரயிலை நிறுத்திவிட்டார்கள். சரி, காலையில் பஸ் பிடிக்கலாம் என்று விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கினார்கள். விடிந்தால் பஸ்ஸும் இல்லை.

விடுதி வரவேற்பில் இருந்த பெண் தன் போனில் எதையோ பேசி மேசைமேல் வைத்தாள். போன் கணீரென்று தமிழில் சொன்னது: "இன்று பேருந்துகள் ஓட மறுக்கின்றன. பேருந்துகள் கோபமாக உள்ளன."

"பஸ்ஸுக்கு என்னம்மா கோவம். ஆளுங்களுக்குத்தான் இருக்கும். என்னன்னு கேளு" என்றார் நிதானம்.

விசாரித்ததில் விவரம் வந்தது. ஓய்வு பெறும் வயதை மூன்று வருஷம் தள்ளிவைத்துப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ரயில்காரர்கள், பஸ்காரர்கள் எல்லோரும் ஸ்ட்ரைக்கில் இறங்கிவிட்டார்கள். ஊர் நடுவே ஊர்வலம். அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோலச் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். "மூணு வருஷமா? இந்த வயசுல இடுப்பு தாங்காதே" என்றார், அந்தச் சட்டம் தனக்கே வந்துவிட்டதுபோல.

மகள் போனில் அழாத குறை. "அப்பா, டாக்சி எதுவும் கிடைக்கல. இவர் கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு, பாலத்தை மூடி வெச்சிருக்காங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இன்னிக்குன்னு எல்லாருக்கும் அரை மணி நேரம் பொறுக்கிறாங்களாம். பன்னெண்டரைக்கு மேல போச்சுன்னா அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுத்தான்."

ஒன்பதாம் நாள் அவர்களுக்குத் திரும்பும் விமானம்.

அப்போதுதான் வரவேற்புப் பெண் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தாள். பஸ் நிர்வாகம் அலுவலக ஆட்களை வைத்து நாலைந்து பஸ் விடுகிறது. அறுபத்துநாலாம் நம்பர் ஒன்பதே காலுக்கு வாசலிலேயே வந்து நிற்கும். மனைவி முகம் மலர்ந்து கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். நிதானம் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். அந்தக் குனிவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, வேணாம். இது நம்ம ஊரு இல்ல."

"ஊரு எதுவானா என்ன. ஸ்ட்ரைக் அன்னிக்கு ஓடுற வண்டியில நான் ஏறுனதில்ல."

"உங்க யூனியனா இது? இவங்க மொழி தெரியுமா உங்களுக்கு? பொண்ணு கல்யாணம்ங்க."

"பதினோரு கிலோமீட்டர்தான். இப்ப எட்டே முக்கால். நடந்தே வந்துடுறேன். நீ பஸ்ல போ, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அன்னிக்கும் இப்பிடித்தான்" என்றாள் அவள். குரல் தாழ்ந்துவிட்டது; கோபம் உண்மையானால் அவள் குரல் தாழும். "இவ பொறக்குறப்பவும் உங்களுக்கு ஸ்ட்ரைக்கு. வலியெடுத்தவள சைக்கிள்ல உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கிட்டுப் போனீங்க. பக்கத்துலயே காலி பஸ்ஸு ரெண்டு போச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு வந்தேன்."

அது நடந்ததுதான். அந்தச் சைக்கிள் பயணத்தில் அவர் ஒரு பள்ளத்தில்கூட விடவில்லை என்பதை இத்தனை வருஷத்தில் அவர் சொல்லிக்காட்டியதும் இல்லை. கல்யாணக் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கி நடந்தார்.

வழி கேட்க அவருக்கு மொழி தேவைப்படவில்லை. அறுபத்துநாலாம் நம்பர் எழுதிய கம்பம் தெருவோரம் நின்றது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த கம்பம் தெரிந்தது. ஆளில்லாத நிறுத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தத் தடத்தில் நடப்பதுபோல நடந்தார். ரோடு வழவழவென்று இருந்தது. பள்ளம் ஒன்றுகூட இல்லாதது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். ஐந்தாவது நிறுத்தத்தை வளைவின் கழுத்திலேயே வைத்திருந்தார்கள். நின்று முன்னும் பின்னும் பார்த்தார். "எவன் வெச்சான் இத? பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணுமே தெரியாதே" என்று வாய்விட்டுச் சொன்னார். நாயுடன் போன ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாவது நிறுத்தம் தாண்டியபோது பஸ் அவரைக் கடந்து போனது. இரண்டாவது ஜன்னலில் மனைவி. எதிரே வரும் வண்டிக்காரனுக்குக் காட்டுவதுபோல இவர் கையைத் தூக்கினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி மூன்றாம் கியரிலிருந்து நாலுக்கு மாறாமல் முனகிக்கொண்டே போவதைக் கேட்டு, "ஐயோ, மாத்துப்பா" என்றார்.

பத்தே முக்கால் இருக்கும். முன்னாலிருந்து மேளச் சத்தமும் கோஷமும் கேட்டன. ஒரு முக்கில் திரும்பினால் தெரு முழுக்க ஜனம். ஊர்வலத்தைக் கண்டு பயந்த பஸ், தப்பிக்கப் பக்கத்துச் சந்தில் நுழைந்து, இருபுறமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. சுற்றிலும் ஆட்கள் வண்டியின் உடம்பில் தட்டிக் கோஷம் போட்டார்கள். உள்ளே எட்டுப் பேர். ஓட்டுநர் இருக்கையில் டை கட்டிய ஒரு அலுவலக ஆள், மழையில் நனைந்தவன்போல வேர்த்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறக்கவும் அவனுக்குப் பயம்.

ஜன்னல் திறந்தது. "என்னங்க" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் காலையில் போட்ட சண்டை எதுவும் இல்லை.

"இரு. பதறாத."

கும்பலுக்கு முன்னால் நின்றவள் ஒரு பெண். பளிச்சென்ற மஞ்சள் அங்கி, ஆண்களுக்கு ஈடான தோள். உட்கார்ந்து உட்கார்ந்து அகன்ற இடுப்பையும் சற்று முன்வளைந்த முதுகையும் பார்த்ததும், இவள் டிரைவர் என்று நிதானத்துக்குத் தெரிந்துவிட்டது. நேரே அவளிடம் போய் ஷெட் அட்டையை எடுத்து நீட்டினார். அட்டையில் அவர் படமும் மூலையில் ஒரு சின்ன பஸ்ஸும் இருந்தன. தன் நெஞ்சைத் தொட்டார். காற்றில் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினார். இரண்டு கைவிரல்களையும் விரித்து விரித்து இருபத்தேழு என்று எண்ணினார். அவள் அட்டையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோஷம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்து அவர் வண்டியைக் காட்டினார், உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடச் சொல்லிக் கையசைத்தார், பின்பு வண்டி வந்த வழியைக் காட்டி, "ரிவர்ஸ்ல எடுத்து ஷெட்டுக்கு அனுப்பிடலாம்மா. அங்க போய் நிக்கட்டும்" என்று தமிழிலேயே விளக்கினார். எந்த மொழியில் சொன்னாலும் டிரைவருக்குப் புரியும் விஷயம் அது. அவள் திரும்பித் தன் ஆட்களிடம் நாலு வார்த்தை பேசினாள். கூட்டம் பின்வாங்கியது. கதவு திறந்தது. மனைவி முதல் ஆளாக இறங்கி ஓடிவந்து அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏறி எடுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை உங்களுக்கு."

"ஸ்டியரிங்கத் தொடக் கூடாதும்மா. வெளிய நின்னு கை காட்டலாம்."

வண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணாடியில் தன் முகம் தெரியும் இடத்தில் நின்றார். அலுவலக ஆள் அவரைப் பார்த்தான். தண்ணீரில் தத்தளிப்பவன் கரையைப் பார்க்கும் பார்வை. நிதானம் இரண்டு கையையும் தூக்கினார். "வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வா... ஹோல்டான்." சொல்லோடு சேர்த்து வண்டியின் பக்கத்தில் ஒரு தட்டு. ஒரு தட்டென்றால் நில், இரண்டு தட்டென்றால் வா. மறுபக்கத்தில் அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒரு காரின் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்தும் தட்டுச் சத்தம் வந்தது. மஞ்சள் அங்கிக்காரி தானே போய் நின்றிருந்தாள். இவர் இரண்டு தட்டினால் அவளும் இரண்டு. அவள் ஒன்று தட்டினால் இவரும் கையைத் தூக்கி நிறுத்தினார். ஆறு முறை முன்னும் பின்னும் போய், ஒரு காரையும் கீறாமல் வண்டி சந்தைவிட்டு வெளியே வந்தது. கும்பல் கை தட்டியது. அலுவலக ஆள் யாரையும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

"பாவம். அவனுக்கும் மேல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு விரட்டியிருப்பான்" என்றார் நிதானம்.

மிச்சம் நாலு கிலோமீட்டர். மனைவியின் புதுச் செருப்பு அரை கிலோமீட்டரிலேயே குதிகாலைக் கடித்துவிட்டது. அவர் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து தன் கறுப்பு சாக்ஸைக் கழற்றிக் கொடுத்தார். பட்டுப் புடவைக்குக் கீழே ஆண்பிள்ளை சாக்ஸுடன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் ஊர்வலத்தின் ஓரமாக நடந்தாள். மஞ்சள் அங்கிக்காரி பாலம் வரை கூடவே வந்து, தடுப்புக் கட்டையை நகர்த்தி, காவலர்களிடம் ஏதோ சொல்லி இவர்களை அந்தப் பக்கம் விட்டாள். பாலத்தின் நடுவில் மனைவி கேட்டாள்: "அன்னிக்கு சைக்கிள் தள்ளுறப்போ பயமா இல்லையா உங்களுக்கு?"

"கையெல்லாம் நடுங்குச்சு. ஹேண்டில் பார இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், தெரியாமப் போச்சு."

"எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள் அவள்.

பன்னிரண்டு இருபதுக்குப் படியேறினார்கள். மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவின் பாதத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏட்டைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் கல்யாணம் முடிந்தது.

பக்கத்து உணவகத்தில் சாப்பாடு. சம்பந்தி இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்; நல்ல உயரம், சிவந்த முகம். முதல் வாய் உள்ளே போனதுமே ஆரம்பித்துவிட்டார். மேசையில் விரலால் குத்திக் குத்தி நீளமாகப் பேசினார். நடுவில் எதிரே இருப்பவர் என்ன வேலை பார்ப்பவர் என்பது ஞாபகம் வந்ததுபோலச் சட்டென்று நிறுத்தினார். காது வரை சிவந்தது. மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா. சாப்பிடுங்க."

"சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, சொல்லு என்று தலையசைத்தாள். "ஊர்வலத்தால ரெண்டு நாளா கடையத் திறக்க முடியலையாம். பஸ்காரங்க ஊரையே கழுத்தப் பிடிச்சு நெரிக்கிறாங்க, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்னாரு."

நிதானம் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "ரெண்டு நாள் கடைய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்கும் கோவம் வரும்தான்னு சொல்லு."

"அப்பிடிச் சொன்னா நீங்க அவர் பக்கம்னு நினைச்சுக்குவாருப்பா."

"நினைச்சுக்கட்டும். சொல்லிட்டு, அவங்க பக்கம் என்னன்னு நான் சொல்றேன், அதையும் சொல்லு. கொஞ்சம் நேரமாகும்."

அவர் எழுந்தார். தன் தட்டை ஒரு கையிலும் நாற்காலியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, மேசையை முழுக்கச் சுற்றிப் போய், சம்பந்தியின் தோள் இடிக்கப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.