குடம் தூக்கிக் காட்டிய கன்னியப்பன்

உங்கள் நைனாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், ‘கம்பவுண்டர்’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். நான் கம்பவுண்டர் இல்லை. வார்டு பாய். அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் விடுதியில். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, துணி மாற்றுவது என் வேலை. ஊர்க்காரர்கள் அதைக் ‘கெய்வங்க ஆஸ்பத்திரி’, அதாவது கிழவர்கள் ஆஸ்பத்திரி, என்பார்கள். என் முதல் நாளில் நடந்ததை எழுதி வைக்கிறேன். பெரியவர்களானதும் உங்களுக்குப் பயன்படும்.

1. சேர வந்தவர்

அதுவரை பெண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஆண்கள் வார்டு அப்போதுதான் திறந்தார்கள். நாலு கட்டில். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். பொறுப்பாக இருந்த சிஸ்டர் தெற்குச் சீமைக்காரர். நல்ல மனசு, ஆனால் ரூல் என்றால் ரூல். தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவராக இருக்க வேண்டும், பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இருக்கக்கூடாது. அப்படிப்பட்டவருக்கே அட்மிஷன்.

காலையில் முதல் ஆளாக வந்தவர் கன்னியப்பன். காவாந்தண்டலத்துக்காரர். சிறு வயதிலிருந்து படியாளாக, அதாவது வருஷக் கூலிக்கு ஒரே பண்ணையில் இருந்து உழைத்தவர். பெண்சாதி பிள்ளை யாரும் இல்லை. கூட வந்தவள் பச்சையம்மாள், பக்கத்துக் குடிசைக்காரி. உறவில்லை என்றாலும் அவரை ‘மாமா’ என்பாள். அவள்தான் அவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்புகிறாள். அதன்பிறகு கன்னியப்பனுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் கிடையாது.

ஆளில்லாதவர் என்பதற்குக் கிராம முன்சீப் கொடுத்த கடுதாசியை சிஸ்டர் படித்தார். சரியாக இருந்தது.

“பெரியவரே, உடம்புக்கு என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல தாயி.”

“கை கால் வலி?”

“கெடையாது.”

பச்சையம்மாள் முந்திக்கொண்டாள். “கல்லு மாதிரி கீறாரும்மா. நேத்து கூட ஒரு கட்டு வெறகு பொளந்தாரு.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நடக்க முடிகிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் இருந்தது. வாசலைத் தாண்டிப் போய்க் கிணற்றடியிலிருந்து ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். விழுந்துவிடாமல் நான் பின்னாலேயே போக வேண்டும்.

கன்னியப்பன் லோட்டாவைத் தொடவில்லை. பக்கத்தில் நிறைந்திருந்த குடத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் தளும்பி முதுகெல்லாம் வழிந்தது. கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. ஆனால் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

“சிஸ்டர், காலு நடுங்குது இவருக்கு” என்றேன்.

“குளுரு நைனா” என்றார் அவர். நல்ல சித்திரை வெயில்.

“இன்னும் ரெண்டு கொடம் கொண்டாரட்டா தாயி?”

சிஸ்டர் தலையை ஆட்டினார். “வேண்டாம் பெரியவரே. நீங்க திடமா இருக்கீங்க. இங்க இடம் இல்ல. எழுந்திருக்கவே முடியாதவங்க காத்திருக்காங்க.”

2. பச்சையம்மாள் போட்ட சத்தம்

பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னாம்மா ஞாயம் இது? கொடத்தையே தூக்கிக் காட்டினாரு! இதுக்கு மேல இன்னா வேலை செஞ்சு காட்டணும்? தோட்டம் கொத்தச் சொல்லு, கொத்துவாரு!”

சிஸ்டருக்குப் புரியவில்லை. “வேலையா? நாங்க எங்க வேலைக்குக் கூப்பிட்டோம்?”

“வேலை செய்யாதவனுக்கு எவன் சோறு போடுவான்?”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பண்ணையில் படியாள் பிடிக்கும்போது மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இருமினால்கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோவு என்று வாயைத் திறக்காதே என்று வழியெல்லாம் சொல்லித்தான் அவரை அழைத்து வந்திருக்கிறாள்.

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். “இங்க வேலை கிடையாது. முடியாதவங்களை வச்சுப் பார்த்துக்கிறதுதான் இந்த இடம்.”

பச்சையம்மாள் உடனே கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். “அப்ப சொல்லு மாமா! சோறு பெசைய வெரலு மடங்கலன்னு சொல்லு. ராவுல எழுந்தா தடால்னு வுழுறியே, அதச் சொல்லு!”

“இப்பத்தானே கல்லு மாதிரின்னு சொன்னீங்க?” என்றார் சிஸ்டர்.

“அது வேலைக்கும்மா. இது வேற இல்ல?”

சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கன்னியப்பன் கையை வாங்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. “சேர்த்துக்கலாம்” என்றார்.

3. அவர் கேட்ட கேள்வி

வேலை முடிந்தது என்று நினைத்தேன். கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

“சும்மா குந்திக்கினு துண்ற சோறு எனக்கு வாணாம். வா கண்ணு, போலாம்.”

“எங்க போறது? நாளைக்கு உன்ன தலைமேல தூக்கிக்கினு சூளைக்குப் போறதா? செங்கல்லோட செங்கல்லா வேவுறியா?” என்று திட்டிக்கொண்டே பச்சையம்மாள் அழுதாள். சிஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் நிற்கவில்லை. வாசல்படி இறங்கத் தடுமாறியபோது நான்தான் ஓடிப் பிடித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“நீ இங்க இன்னா வேலை நைனா?”

“உங்கள மாதிரி பெரியவங்கள குளிப்பாட்டி, சோறு ஊட்டுறது.”

“அதுக்குக் கூலி தராங்களா?”

“சம்பளம் தராங்க.”

“ஆளே வரலன்னா?”

“அப்புறம் எனக்கு இன்னா வேலை? ஊருக்குப் போயி ஏரு ஓட்ட வேண்டியதுதான்.”

“புள்ளைங்க கீறாங்களா?”

“ரெண்டு.”

கன்னியப்பன் மெதுவாகத் திரும்பிப் படியேறினார். “சரி தாயி. இவன் வேலைக்கு ஒரு ஆளு வோணுமாம். நான் இருக்கறேன்.”

கடைசி வரைக்கும் அவர் கணக்கு அதுதான். குளிப்பாட்டும்போது, “முதுவ வுட்டுட்டியே, கூலி வாங்கல நீ?” என்று அதட்டுவார். ஊட்டி முடித்ததும், “புள்ளைங்க துண்ணுதா?” என்று கேட்பார்.

அன்றிலிருந்து யார் சேர வந்தாலும், முதலில் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர் ரூல் வைத்துவிட்டார். “இங்க வேலைக்கு ஆள் எடுக்கல. இன்னா முடியலையோ அதச் சொல்லுங்க.” சொன்ன பிறகும் சிலர் குடத்தைத் தூக்கத்தான் செய்தார்கள். கடைசியில் குடத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். ஒருவரைக் கேள்வி கேட்கும் முன், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். நான் படித்துக்கொண்ட பாடம் இது.

இன்னொன்று. அவர் கேட்டபோது நான் சொன்ன அந்த ரெண்டு பேர் நீங்கள்தான். கன்னியப்பன் சும்மா குந்திச் சாப்பிட்டார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களுக்குச் சோறு போட்டவர்களில் அவரும் ஒருவர்.